அடைக்கோழியைக் கலைக்காதீங்க

போன தடவை கிரிக்கெட், அதுக்கு முன்னாடி பஸ் பாஸ். இந்தத் தடவை கோழி. சிரிக்கிறவங்க சிரிச்சு முடிச்சுட்டு வாங்க, காத்திருக்கேன்.

நாட்டுக்கோழி வளர்க்கலாம்னு யார் பேச்சை ஆரம்பிச்சாலும் மூணாவது வரியில இன்குபேட்டர் வந்துடுது. எங்க கிளாஸ்லயே நாலு பேர் படிப்பு முடிஞ்சதும் கோழிப்பண்ணை போடப் போறாங்களாம். நாலு பேரும் இன்குபேட்டர் விலையை விசாரிச்சாச்சு. கோழியைப் பத்தி ஒருத்தரும் இன்னும் விசாரிக்கலை. கேட்டா, "அடைக்கோழி எல்லாம் வேஸ்ட் மச்சி, முட்டையும் போடாது, ரெண்டரை மாசம் சும்மா தின்னுட்டுத் திரியும்"னு பதில் வருது.

இந்த "சும்மா"வுக்குத்தான் நான் சண்டைக்கு வந்திருக்கேன். என்னைக் கேட்டா, வீட்டுக் கோழிகிட்ட நமக்கு இருக்கிற பெரிய சொத்தே அது அடைக்கு உட்காருதே, அந்தக் குணம்தான். முட்டைக் கணக்கை ஏத்துறேன்னு அந்தக் குணத்தைத் தொலைச்சா வீட்டுக்காரிக்கு நஷ்டம், குஞ்சு விக்கிறவருக்கு லாபம். கிராமத்து வீட்டுக் கோழிக்கு இன்னிக்குப் புது இனமும் வேண்டாம், மிஷினும் வேண்டாம். வேண்டியது தடுப்பு மருந்தும் ராத்திரிக்கு ஒரு நல்ல கூடும். ரெண்டும்தான் ஒழுங்கா கிடைக்க மாட்டேங்குது.

எனக்கு என்ன தெரியும்னு கேட்கலாம். எங்க ஊர் கோவில்பட்டிக்குத் தெக்க, கரிசல் காடு. வீட்டுல ஒன்பது கோழி, ரெண்டு சேவல். எல்லாம் சிறுவிடை. அம்மாதான் முதலாளி. கோழி விக்கிற காசு அம்மா காசு, அதுல அப்பா கை வைக்க மாட்டார். கேட்கவும் மாட்டார். எங்க தெருவுல முக்கால்வாசி வீட்டுல இப்படித்தான். மாட்டுப் பால் காசு, பருத்திக் காசு எல்லாம் ஆம்பளைங்க கையில போனாலும் கோழிக் காசு மட்டும் சமையலறை டப்பாக்குத்தான் போகும். என்னோட முதல் செமஸ்டர் பரீட்சை ஃபீஸ் ரெண்டு சேவல். அதனால "கோழியில என்ன பெரிசா இருக்கு"ன்னு என்னால சொல்ல முடியாது.

முதல்ல அடை வைக்கிறதைச் சொல்லிடுறேன். டவுன்ல பொறந்தவங்களுக்கு இது தெரியாது, தெரியாததுனாலதான் "சும்மா தின்னுது"ன்னு வாயில வருது.

ஒரு சிறுவிடைக் கோழி பன்னிரண்டு பதினைஞ்சு முட்டை போட்டதும் நிறுத்தும். பெட்டியை விட்டு எழுந்திரிக்காது. கிட்டப் போனா சிலிர்த்துக்கிட்டு உறுமும், கொத்தும். குரலே மாறிடும். உடம்புல புரோலாக்டின்னு ஒரு ஹார்மோன் ஏறுறதுதான் காரணம். நெஞ்சுப் பக்கம் இறகு உதிர்ந்து தோல் வெறுமனே தெரியும், அந்தத் தோல் சூடு நேரா முட்டையில படணும்னு உடம்பே பண்ணிக்கிற ஏற்பாடு.

அம்மா ஒரு பழைய மூங்கில் கூடையில மணலைப் பரப்பி, மேல வைக்கோல் போட்டு, அதுல பன்னிரண்டு முட்டை வைப்பாங்க. அதுக்கு மேல வச்சா கோழியால அணைக்க முடியாது, ஓரத்து முட்டை குளிர்ந்துடும். முட்டையும் பழசா இருக்கக் கூடாது. எங்க ஊர் வெயிலுக்கு ஒரு வாரத்துக்கு மேல வச்ச முட்டையை அம்மா தொட மாட்டாங்க. இதுக்குக் காரணத்தை நான் காலேஜுக்கு வந்துதான் படிச்சேன். குளிர்ச்சியா இருக்கிற வரைக்கும் கரு தூங்கும். சித்திரை மாச ஓட்டு வீட்டுல வெளியில இருக்கிற சூட்டுக்கே அது பாதி முழிச்சு, அரைகுறையா வளர்ந்து, செத்துடும். அம்மாவுக்கு இந்த விளக்கம் தெரியாது. ஆனா ஈர மணல் மேல மண்சட்டியை வச்சு அதுலதான் முட்டையைச் சேர்ப்பாங்க.

ஒவ்வொரு முட்டையிலும் அடுப்புக் கரியால ஒரு கோடு. ஏன்னா அடை கிடக்கிற கூடையில வேற கோழி வந்து புதுசா முட்டை போட்டுட்டுப் போயிடும், கோடு இல்லாத முட்டையை எடுத்துடணும். கூடை ஓரத்துல ஒரு இரும்புத் துண்டு, ரெண்டு காய்ந்த மிளகாய், ஒரு கரித்துண்டு. இடி இடிச்சா முட்டை கெடாம இருக்கிறதுக்காம். இதுக்கு எந்தப் பாடப் புத்தகத்துலயும் எனக்கு விளக்கம் கிடைக்கலை. எடுத்துப் போடுற தைரியமும் இல்லை :-)

அப்புறம் இருபத்தோரு நாள். கோழி ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவை எழுந்திரிக்கும். கால் மணி நேரம், இருபது நிமிஷம். அதுக்குள்ள கம்பைக் கொத்தி, தண்ணி குடிச்சு, ஒரு பெரிய எச்சம் போட்டு (நாத்தம் தாங்காது), மண்ணுல புரண்டு குளிச்சு, ஓடி வந்து உட்கார்ந்துடும். உட்கார்ந்த இடத்துல இருந்துக்கிட்டே அலகால முட்டைகளைப் புரட்டிக்கிட்டே இருக்கும். ஓரத்துல இருக்கிறது நடுவுக்கு வரும், நடுவுல இருக்கிறது ஓரத்துக்குப் போகும். இன்குபேட்டர்ல இந்த ஒரு வேலைக்கே தனி மோட்டார்.

ஏழாவது நாள் ராத்திரி டார்ச் லைட் வெளிச்சத்துல முட்டையைப் பிடிச்சுப் பார்த்தா, சிலந்தி மாதிரி ஒரு செவப்பு நரம்புக் கூட்டம் தெரியும். தெளிவா ஒண்ணும் இல்லாம இருந்தா அது கூமுட்டை. பத்தொன்பதாம் நாள் வாக்குல குஞ்சு முட்டைக்குள்ளேயே காத்துப் பையைக் குத்தி முதல் மூச்சு விடும். அதுக்கப்புறம் காதுல வச்சா கீச்சுச் சத்தம் கேட்கும். கோழியும் அடித்தொண்டையில பதில் குரல் கொடுக்கும். முட்டைக்குள்ள இருக்கிறதும் வெளிய இருக்கிறதும் பேசிக்கிறதை ஒரு தடவை கேட்டவங்க அப்புறம் அதை வேஸ்ட்னு சொல்ல மாட்டாங்கன்னு நினைக்கிறேன். அலகு நுனியில இருக்கிற குட்டி முள்ளால ஓட்டைக் குத்தி, சுத்திச் சுத்தி உடைச்சு வெளிய வர அரை நாள், சிலதுக்கு ஒரு நாள் ஆகும். அந்த நேரத்துல பாவம் பார்த்து நாம ஓட்டைப் பிய்க்கக் கூடாது. உள்ள ரத்த நாளம் இன்னும் வத்தியிருக்காது, பிய்ச்சா ரத்தம் வடிஞ்சு செத்துடும். சின்ன வயசுல எங்க தெருப் பிள்ளைங்களுக்கு ஆச்சி இதுக்காகவே கூடை பக்கத்துல கம்போட உட்கார்ந்திருப்பாங்க.

பொரிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி மிச்ச மஞ்சள் கருவைக் குஞ்சு வயித்துக்குள்ள இழுத்துக்கும். அதனால மூணு நாள் வரைக்கும் தீனி இல்லாமலே தாங்கும். முதல்ல பொரிச்சது கடைசியில பொரிக்கிறதுக்காக அம்மாவோட அடியில காத்திருக்கத்தான் இந்த ஏற்பாடு. ஒரு நாள் குஞ்சுகளை அட்டைப் பெட்டியில அடைச்சு நானூறு கிலோமீட்டர் லாரியில அனுப்பி ஒரு தொழிலே நடக்குதே, அதுவும் இந்த மூணு நாள் கருணையிலதான் நடக்குது.

சரி, இன்குபேட்டர் பக்கத்து நியாயத்தையும் பேசிடுவோம். மிஷின் ஒண்ணும் நேத்து வந்தது இல்லை. எகிப்துல ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேலா மண் அடுப்பு அறைகள்ல ஆயிரக்கணக்குல முட்டை பொரிக்க வச்சிருக்காங்க, தெர்மாமீட்டர் இல்லாம, தோல்ல வச்சுச் சூடு பார்த்து. இன்னிக்கு மிஷின்ல 37.5 டிகிரி செல்சியஸ், முதல் பதினெட்டு நாள் ஈரப்பதம் 55, 60 சதவீதம், கடைசி மூணு நாள் அதைவிடக் கூட, அந்த மூணு நாள் புரட்டக் கூடாது. இதையெல்லாம் சரியா வச்சா நல்லாவே பொரிக்கும். ஐநூறு குஞ்சு ஒரே நாளில் வேணும்னா வேற வழியே இல்லை, கோழியால முடியாது. பண்ணைக்கு மிஷின் சரி. எனக்கு அதுல சண்டை இல்லை.

ஆனா ஒன்பது கோழி வச்சிருக்கிற வீட்டுக்கு? கரண்ட் போனா என்ன பண்ணுவீங்க? 2012ல ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் கரண்ட் இல்லாம இருந்தது ஞாபகம் இருக்கிறவங்க கை தூக்குங்க. இப்ப அவ்வளவு மோசம் இல்லை, ஒத்துக்கிறேன். ஆனாலும் கிராமத்துல மழைக் காத்துக்கு ராத்திரி முழுக்கப் போற கரண்ட்டு இன்னும் போகத்தான் செய்யுது.

அது கூடப் பரவாயில்லை. இருபத்தோராம் நாள் மிஷினோட வேலை முடிஞ்சுடுதே, பெரிய பிரச்சினை அங்கதான். கோழியோட பெரிய வேலை அன்னிக்குத்தான் ஆரம்பிக்குது. தாய் இல்லாத குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி சூடு வேணும், அப்புறம் வாரா வாரம் மூணு டிகிரி குறைச்சுக்கிட்டே வரணும். பல்பு கட்டணும், ராத்திரி ரெண்டு தடவை எழுந்து பார்க்கணும். ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நசுங்கும். பருந்துன்னா என்னன்னு தெரியாது. அதனால கூண்டுக்குள்ளேயே வைக்கணும், கூண்டுக்குள்ள வச்சா தீவனம் காசு கொடுத்து வாங்கணும். யார் இதைச் செய்யுறது? மச்சி, நீ இல்லை. உங்க அம்மா.

தாய்க்கோழி இதை எல்லாம் சம்பளம் இல்லாமச் செய்யுது. கறையானைக் காலால கிளறி, அலகால எடுத்து, குஞ்சு முன்னாடி போட்டு "கொக் கொக்"னு கூப்பிடும். எது தீனி, எது கல்லுன்னு குஞ்சுக்குச் சொல்லிக் கொடுக்கிற வகுப்பு அது. பருந்து நிழல் தெரிஞ்சா ஒரு குரல், பூனையோ கீரியோ தரையில வந்தா வேற குரல். ரெண்டும் வேற வேறன்னு ஆராய்ச்சியாளர்கள் பதிவு பண்ணி நிரூபிச்சிருக்காங்க. எங்க தெருவுல எந்தக் கிழவியும் திரும்பிப் பார்க்காமலே சொல்லுவாங்க, "மேல பாரு, வல்லூறு"ன்னு. காக்காயைத் துரத்துறதுல எங்க வீட்டு வெள்ளைக் கால் கோழிக்கு நிகர் கிடையாது. தெரு நாயே அதுக்கு வழி விடும்.

கறையான்னதும் ஞாபகம் வருது. சாயங்காலம் ஒரு பழைய பானையில கொஞ்சம் சாணி, கிழிஞ்ச சாக்கு, ஓலைத் துண்டு எல்லாம் போட்டு, தண்ணி தெளிச்சு, கறையான் இருக்கிற தரையில கவுத்து வைக்கணும். விடியக்காலம் வெயில் ஏறுறதுக்கு முன்னாடி நிமிர்த்தினா பானை நிறைய கறையான். சின்னக் குஞ்சுக்கு இதைவிட நல்ல புரதம் கிடையாது. காசும் கிடையாது. இதோட ஒரு கைப்பிடி குருணை. முதல் ரெண்டு வாரம் குஞ்சும் கோழியும் பஞ்சாரத்துக்குள்ள, வெயில் சாஞ்சதும் கொஞ்ச நேரம் வெளிய. அவ்வளவுதான் அம்மாவோட வேலை.

இப்ப அந்த "ரெண்டரை மாசம் நஷ்டம்" கணக்குக்கு வருவோம். நானே போட்டுப் பார்த்தேன். முட்டை போட இருபது நாள், அடை இருபத்தோரு நாள், குஞ்சு மேய்க்க ரெண்டு மாசம். ஆக ஒரு சுற்று நூறு நாள். வருஷத்துக்கு மூணு சுற்று. பன்னிரண்டு முட்டைக்கு ஒன்பது பொரிக்குதுன்னு வைங்க, பருந்து, கீரி, மழை எல்லாம் போக வளர்ந்து தேறுறது அஞ்சு. மூணு சுற்றுக்குப் பதினைஞ்சு உருப்படி. ஒண்ணேகால் கிலோ, எங்க பக்கம் உயிரோட கிலோ நானூறு ரூபாய்னு வச்சா ஒண்ணு ஐநூறு. ஏழாயிரத்து ஐநூறு. குருணை, கம்புன்னு ஒரு குஞ்சுக்கு நூத்தம்பது கழிச்சாலும் அஞ்சாயிரத்துக்கு மேல நிக்குது. ஒரே ஒரு "வேஸ்ட்" கோழி கொடுத்தது.

நிறைய முட்டை போடுற கோழியை எடுத்துக்கிட்டா? வருஷம் 180 முட்டை, முட்டை பத்து ரூபாய், மொத்தம் ஆயிரத்து எண்ணூறு. ஆனா அது குப்பையை மேய்ஞ்சு அந்த 180 முட்டையைப் போடாது. நாளைக்கு நூறு கிராம் தீவனம் வேணும், வருஷத்துக்கு முப்பத்தாறு கிலோ, கிலோ முப்பத்தஞ்சு ரூபாய். அதுலயே ஆயிரத்து இருநூறுக்கு மேல போச்சு. மிச்சத்தை நீங்களே கழிச்சுப் பாருங்க.

இது எங்க வீட்டுக் கணக்கு, எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்தும்னு சொல்லலை. ஒன்பது கோழியும் வருஷத்துக்கு மூணு தடவை அடை வச்சா அத்தனை குஞ்சுக்கும் எங்க வீட்டுக் குப்பைமேடு தாங்காது, அதையும் ஒத்துக்கிறேன். குப்பைமேடு எவ்வளவு பெரிசோ அவ்வளவுதான் கோழி. அதனால அம்மா ஒரு நேரத்துல ரெண்டு அடைக்கு மேல வைக்கிறது இல்லை. மத்த கோழி அடைக்கு வந்தா மூக்குல ஒரு இறகைச் செருகி விடுறதும், தண்ணியில முக்கி எடுக்கிறதும் எங்க ஊர்லயும் உண்டு. (அந்தக் கோழி இறகோட முழிச்சுக்கிட்டுத் திரியுறதைப் பார்த்தா பாவமா இருக்கும்.) இதைவிட நல்ல தந்திரம் ஒண்ணு இருக்கு. ரெண்டு கோழியை ஒரே நாள்ல அடை வச்சு, பொரிச்சதும் ராத்திரி இருட்டுல எல்லாக் குஞ்சையும் ஒரே கோழிக்கு அடியில தள்ளிடணும். காலையில அதுக்கு எண்ணத் தெரியாது. இன்னொரு கோழி கொஞ்ச நாள்ல மறுபடி முட்டைக்கு வந்துடும்.

புது இனம் பத்தி. கிரிராஜா, வனராஜா, கிராமப்பிரியா எல்லாம் நம்ம நாட்டு விஞ்ஞானிகள் கிராமத்துக்குன்னே உருவாக்கினதுதான். கெட்ட எண்ணத்துல செஞ்சது இல்லை. எடை நல்லா வரும், முட்டையும் கூட. ஆனா அடைக்கு உட்காராது, இல்லைன்னா உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து பாதியில எழுந்து போயிடும். வெள்ளை லெகார்ன் கோழியில பல தலைமுறையா அடை கிடக்கிறதை எல்லாம் ஒதுக்கி ஒதுக்கித்தான் வருஷத்துக்கு முன்னூறு முட்டைக்குக் கொண்டுவந்தாங்க. நாமக்கல் அதுலதான் நிக்குது. அங்க அது சரி. கூண்டுல இருக்கிற கோழி அடைக்கு உட்கார்ந்து என்ன பண்ணப் போகுது?

எங்க மேலவீட்டுச் சித்தி கதையைக் கேளுங்க. ஆறேழு வருஷத்துக்கு முன்னாடி அவங்க இருந்த சிறுவிடை எல்லாத்தையும் வித்துட்டு, வண்டியில வந்த ஒருத்தர்கிட்ட "நாட்டுக்கோழி"ன்னு சொன்ன கலர் குஞ்சுகள் நாற்பது வாங்கினாங்க. நல்லா வளர்ந்துச்சு, முட்டையும் போட்டுச்சு, தெருவே பொறாமைப்பட்டுச்சு. ஒண்ணு கூட அடைக்கு உட்காரலை. ரெண்டு வருஷத்துல முட்டை குறைஞ்சதும் வித்தாங்க. கூடு காலி. மறுபடி குஞ்சு வேணும்னா மறுபடி காசு. சித்தி எங்க அம்மாகிட்ட வந்து, "யக்கா, ஒரு அடைக்கோழி இருந்தாக் கொடுங்க"ன்னு கேட்டதை நான் பக்கத்துல இருந்து கேட்டேன். விதை நெல்லை வித்துட்டு வருஷா வருஷம் கடையில விதை வாங்குற விவசாயி கதைதான். நெல்லுக்குக் கூட்டம் போட்டுப் பேசுறோம். கோழிக்கு யாரும் பேசலை, ஏன்னா இது பொம்பளைங்க டப்பாவுக்குப் போற காசு.

அரசாங்கமும் கொஞ்ச வருஷமா கிராமத்துப் பெண்களுக்கு நாலு வாரக் குஞ்சுகளை இலவசமாவும் மானியத்துலயும் கொடுத்திருக்கு. கொடுக்கட்டும். கோழியே இல்லாத வீட்டுக்கு அது பெரிய உதவி. ஆனா கொடுக்கிற குஞ்சு வளர்ந்து தானே அடைக்கு உட்காருற இனமான்னு பார்த்துக் கொடுக்கணும். 2019 கால்நடைக் கணக்கெடுப்புல நாடு முழுக்க வீட்டுப் புறக்கடைக் கோழிகள் சுமார் 31.7 கோடி. 2012ல 21.7 கோடிதான். ஏழு வருஷத்துல பத்துக் கோடி கூடியிருக்கு. தானே குஞ்சு பொரிக்கிறது இதுல எத்தனைன்னும் சேர்த்து எண்ணினா நல்லா இருக்கும்.

இனி நோய். இதுவரைக்கும் படிச்சுட்டு "ஆகா, பாட்டி காலம்தான் சொர்க்கம்"னு நினைக்கிறவங்களுக்கும் ஒரு குட்டு வைக்கணும்.

மாசி, பங்குனி வந்தா வெள்ளைக்கழிச்சல் வரும். ராணிக்கெட் நோய். இப்ப உத்தராகண்ட்ல இருக்கிற ராணிக்கெட்ங்கிற ஊர்ல 1920கள்ல கண்டுபிடிச்சதால அந்தப் பேர். பச்சையும் வெள்ளையுமா கழியும், கழுத்து திருகிக்கும், ரெக்கை தொங்கும், மூணு நாலு நாள்ல முடிஞ்சுது. நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது ஒரு பங்குனியில எங்க வீட்டுல இருபத்தாறுல இருபத்துமூணு போச்சு, ஆறே நாள்ல. ஆச்சி மஞ்சளும் வேப்பிலையும் சின்ன வெங்காயமும் அரைச்சு அரைச்சு ஊத்தினாங்க. அம்மைக் கொப்புளத்துக்கு மஞ்சள், வேப்பிலை தடவினா புண் ஆறலாம். கழிச்சல் வைரஸுக்கு அது போதாது. வந்த பிறகு மருந்தே கிடையாது. வர்றதுக்கு முன்னாடி தடுப்பு மருந்து ஒண்ணுதான் வழி. இதுல எனக்குப் பாரம்பரியமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.

நல்ல தடுப்பு மருந்து இருக்கு. முதல் வாரத்துல கண்ணுலயோ மூக்குலயோ ஒரு சொட்டு, எட்டாவது வாரம் ரெக்கையில ஊசி. விலையும் ஒரு கோழிக்குச் சில்லறைக் காசுதான். ஆனா ஒரு குப்பியில குறைஞ்சது நூறு கோழிக்கான மருந்து இருக்கும். ஐஸ்ல வச்சுக் கொண்டுவரணும். கரைச்சா ரெண்டு மணி நேரத்துக்குள்ள போட்டு முடிச்சுடணும். பத்தாயிரம் கோழி வச்சிருக்கிற பண்ணைக்கு இது பிரமாதம். ஒன்பது கோழி வச்சிருக்கிற அம்மா பஸ் ஏறி டவுனுக்குப் போய் நூறு கோழிக்கான குப்பியை வாங்கி, தொண்ணூத்தொண்ணைக் கீழ ஊத்துறதா?

பிப்ரவரியில அரசு முகாம் போடுறாங்க. வரவேற்கிறேன், முகாம் நடந்த வருஷங்கள்ல எங்க தெருவுல சாவு குறைஞ்சதைப் பார்த்திருக்கேன். ஆனா சித்திரையில பொரிக்கிற குஞ்சுக்கு மாசி முகாம் என்ன செய்யும்? அது பிறக்கவே இல்லையே அப்ப! வீட்டுக் கோழி வருஷம் முழுக்கப் பொரிக்குது. மருந்தும் வருஷம் முழுக்க வரணும்.

முடியாத காரியம் ஒண்ணும் இல்லை இது. ஆஸ்திரேலியாவுல உருவாக்கின ஐ-2ங்கிற தடுப்பு மருந்து மத்ததைவிடச் சூட்டைத் தாங்கும். மொசாம்பிக், தான்சானியா மாதிரி ஆப்பிரிக்க நாடுகள்ல கிராமத்து ஆட்களையே, அதுலயும் நிறையப் பெண்களை, பழக்கி விட்டு, நாலு மாசத்துக்கு ஒரு தடவை வீடு வீடாப் போய்க் கண்ணுல சொட்டு விடுறாங்க. கோழிக்கு இவ்வளவுன்னு ஒரு சின்னத் தொகை. நம்ம தமிழ்நாடு கால்நடைப் பல்கலைக்கழகமும் தீனியோட தின்னுற மாதிரி குருணை வடிவத்துல ராணிக்கெட் தடுப்பு மருந்து ஒண்ணு உருவாக்கியிருக்கு. அறிவு நம்மகிட்டயே இருக்கு. ஒவ்வொரு ஊர்லயும் மகளிர் குழுவுல ரெண்டு பேருக்குச் சொட்டு விடக் கத்துக்கொடுத்து, ஊர்க் கோழி எல்லாத்துக்கும் ஒரே காலையில போட்டா நூறு கோழிக் குப்பி ஒரு தெருவுக்கே பத்தாது. குஞ்சு கொடுக்கிற காசுல ஒரு பங்கை இதுக்கு ஒதுக்கணும்னுதான் கேட்கிறேன்.

அப்புறம் கூடு. நாலு கல்லுக் கால் மேல தரையில இருந்து ரெண்டு அடி உசரத்துல, கீரி நுழையாத சின்னக் கண்ணு வலை, மேல ஓலையோ தகரமோ. அதுக்கு ஒரு இன்குபேட்டர் விலையில கால்வாசி கூட ஆகாது. மரத்துல ஏறித் தூங்குற கோழியைக் காட்டுப்பூனை தூக்குறதும், அடைக்கூடையில சாரைப்பாம்பு வந்து முட்டையை முழுங்குறதும் இதுலயே பாதி குறைஞ்சுடும். என் கணக்குல அஞ்சு தேறுதுன்னு சொன்னேனே, மருந்தும் கூடும் இருந்தா ஏழு தேறும். எங்க வீட்டுல போன ரெண்டு வருஷமா அப்படித்தான். மிஷின் இல்லாம, இனம் மாத்தாம, கூட ரெண்டு குஞ்சு.

சேவல் குஞ்சு பத்தியும் ஒரு வார்த்தை. முட்டைக் கோழிக் குஞ்சு பொரிக்கிற தொழில்ல சேவல் குஞ்சுக்கு வேலை இல்லை, பொரிச்ச அன்னிக்கே கொன்னுடுறது உலகம் முழுக்க நடக்கிறது. ஜெர்மனியில 2022ல இருந்து அதுக்குத் தடை போட்டிருக்காங்க. எங்க வீட்டுல சேவல் குஞ்சு பொரிச்சா அம்மாவுக்கு ஒரு சுத்துச் சந்தோஷம் கூட. கோவில் கொடை வந்தா சேவலுக்குத்தான் விலை. என் ஃபீஸ் கதை ஞாபகம் இருக்குல்ல?

பண்ணை போடப் போற அந்த நாலு பேருக்கு: தாராளமாப் போடுங்க, மிஷினும் வாங்குங்க. உங்க ஊர் சிறுவிடை முட்டையை அதுல வைங்க, வண்டியில வர்ற கலர் குஞ்சை வாங்காதீங்க. பொரிக்கிறதுல அடைக்கு நல்லா உட்காருற கோழியோட குஞ்சுகளைத் தனியா வளர்த்து, சித்தி மாதிரி ஆளுங்களுக்கு வித்தீங்கன்னா அதுக்கே கிராக்கி இருக்கு.

கையில காசு இல்லாதவங்களுக்கு எங்க ஊர்ல வேற வழி இருக்கு. வாரத்துக்கு விடுறதுன்னு பேர். ஒருத்தர் கோழியை இன்னொருத்தர் வாங்கிட்டுப் போய் அடை வச்சு வளர்ப்பாங்க, வளர்ந்த குஞ்சுல பாதி கோழிக்காரிக்கு, பாதி வளர்த்தவங்களுக்கு. பத்திரமும் இல்லை, வட்டியும் இல்லை. சித்திக்கு அம்மா அப்படித்தான் ஒரு கோழி கொடுத்தாங்க, அந்த வெள்ளைக் கால் கோழியோட மகளை. முதல் அடையில பத்து பொரிச்சு எட்டு நிக்குது. நாலு எங்களுக்கு வரணும், இன்னும் வரலை. "மதினி, ரெண்டு சேவலாப் போச்சு, கொடைக்கு அப்புறம் தாரேன்"னு சித்தி சொல்லியிருக்காங்களாம். அம்மாவும் சரின்னுட்டாங்க.